இடப்பெயர்ப் பதிவும் நிலக்குறிகளும்: ஸ்காட்லாந்தின் ஆப்பிள்கிராஸ் பங்கை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, கேலிக் மொழி, பெயரேடு, நிலக்குறி, வாய்மொழிச் சான்று

முன்னுரை

இடப்பெயரைப் பதிவு செய்தல் என்பது அதன் எழுத்துவடிவத்தைப் படியெடுத்தல் மட்டுமன்று. எழுத்தும் பேச்சுவழக்கும் வேறுபடும் இடங்களில், எழுத்தை மட்டும் சார்ந்த பதிவு பொருளைத் திரித்துவிடும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆப்பிள்கிராஸ் என்னும் நாட்டுப்புறப் பங்கின் பெயர்களைக்கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. பங்கு என்பது இங்கு ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலமைந்த நிலப்பகுதியைக் குறிக்கும்.

பதிவு மரபு

ஸ்காட்லாந்தில் இடப்பெயர்ப் பதிவுக்குப் பங்கே நெடுங்காலமாக அலகாக இருந்துவந்துள்ளது. ஜான் சின்க்ளேர் 1790இல் பங்குக் குருமார்க்கு அனுப்பிய வினாநிரல், பங்கின் பழம்பெயர், வழக்குப்பெயர், பெயர்க்காரணம் ஆகியவற்றையும் வினவியது. விடைகள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவைத் துறை பெயரேடுகளை உருவாக்கியது. பெயர், அதன் பல்வேறு எழுத்துவடிவங்கள், அவ்வடிவங்களுக்குச் சான்று, அமைவிடம், விளக்கக் குறிப்பு என்பன அவற்றின் பகுப்புகள். சான்று தந்தோருள் நிலவுடைமையாளரும் குருமாரும் பள்ளியாசிரியரும் முதன்மை பெற்றனர். நிலத்தில் உழைத்தோரின் ஒலிப்பைத் தனியே குறிக்க அவ்வேட்டில் இடமில்லை.

ஒரூர், இருபெயர்

ஆப்பிள்கிராஸ் என்பதை ஆங்கிலச் சொற்களாகக் கொள்வோர்க்கு அஃது ஆப்பிளும் சிலுவையுமாகத் தோன்றும். அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகளோ, 673இல் மேல்ருபா என்னும் துறவி மடம் நிறுவிய இடத்தை ‘அபொர்க்ரொசான்’ எனக் குறிக்கின்றன. ‘அபெர்’ என்பது பிக்ட் மக்கள் வழங்கிய, முகத்துவாரத்தைக் குறிக்கும் சொல். ‘குரொசான்’ ஆற்றின் பெயர். கேலிக் பேசுவோர் இவ்வூரை ‘அ கோம்ரிக்’, அதாவது ‘புகலிடம்’ என வழங்குவர். மடத்தின் நிலத்தில் அடைந்தோர் பெற்ற பாதுகாப்பை இப்பெயர் நினைவுறுத்துகிறது. ஒரு பெயர் நில அமைப்பையும் மற்றொன்று சமூக நெறியையும் உணர்த்துகின்றன. ஒன்றிலிருந்து மற்றதை வருவிக்க இயலாது.

நிலக்குறியும் பொருள்கோளும்

காமஸ்டெராக், காமஸ்டீல் ஆகியவற்றின் முற்கூறு கேலிக் மொழியின் ‘காமஸ்’. டோஸ்கேக், குவேக் ஆகியவற்றின் ஈறு நோர்சு மொழியின் ‘வீக்’ என்பதன் திரிபு. இரண்டும் விரிகுடாவையே குறிக்கின்றன. எனவே மொழியடுக்குகளைச் சொல்வடிவமும், பொருளின் பொருத்தத்தைக் கரையமைப்பும் உறுதிசெய்கின்றன. ‘கிளாக்கான்’ என்பது கற்களையோ சிற்றூரையோ தேவாலயமுள்ள இடத்தையோ சுட்டலாம். பழைய மடத்தின் நிலத்தில், செதுக்கிய சிலுவைக் கல்லருகே வழங்குவதால் இங்குத் தேவாலயப் பொருளே பொருந்தும். ‘பெலக் நா பா’ என்பது பசுக்களின் கணவாய். 1822இல் சாலை அமையுமுன் கால்நடைகள் ஓட்டிச்செல்லப்பட்ட வழி அது என்பதனைப் பெயரே காத்துவைத்துள்ளது.

முடிவுரை

டபிள்யூ. ஜே. வாட்சன் 1904இல் வெளியிட்ட ராஸ், கிராமர்ட்டி இடப்பெயர் நூல், பங்குவாரியாக அமைந்து, பழைய எழுத்துவடிவங்களோடு கேலிக் வழக்கையும் இணைத்து நோக்குகிறது. 1951இல் எடின்பரோவில் தோன்றிய ஸ்காட்டியல் ஆய்வுப் பள்ளி ஒலிப்பதிவுகளைத் தொகுத்தது. காலவரிசையிலான எழுத்துவடிவங்கள், பேசுவோர் ஒலிப்பு, நிலக்குறி, தகவலாளர் பின்புலம் ஆகிய நான்கும் பதிவில் ஒருங்கே இடம்பெறல் வேண்டும். இவற்றுள் எழுத்தும் நிலமும் பிற்காலத்தார்க்கும் எஞ்சும். ஒலிப்போ பேசுவோருடன் மறையும். ஆதலின் களப்பணியில் முதலிடம் அதற்கே உரியது.