செட்டில்மென்ட் வாங்கினால் இஎஸ்ஐ நிவாரணம் போய்விடுமா? முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் லாட்ஜிலோ மண்டபம் இறால் கம்பெனியிலோ ஆள் குறைக்கும்போது ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். "செட்டில்மென்ட் வாங்கியாச்சு, இனி இஎஸ்ஐ ஒண்ணும் தராது" என்பார் கூட வேலை பார்த்தவர்.  அப்படி ஒரு விதி கிடையாது. இங்கே ஆளை மாட்டிவிடுவது கையெழுத்து.

1. சம்பளச் சீட்டைப் பாருங்கள்

இஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய். அந்த வரி இருந்தால் மேலே படியுங்கள். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு மீன்வளத்துறை தரும் 8,000 ரூபாய்தான் அவர்களுக்கு. 61 நாளைக்கு, ஒரு குடும்பத்துக்கு!

2. வரவேண்டிய தொகை

ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை ஆட்குறைப்பு இழப்பீடாக முதலாளி தர வேண்டும். ஆறு வருடம் என்றால் 90 நாள் சம்பளம். ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அந்தச் சம்பளமும் சேரும். பிஎஃப் தனிக் கணக்கு.

3. கடிதத்தை வரி விடாமல் படியுங்கள்

செக்கோடு ஒரு தாளும் வரும்: "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்." டைப் அடித்துத் தயாராக இருக்கும். "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விருப்ப ஓய்வு, ஒழுங்கீனத்துக்காக நீக்கம், வயது முதிர்வு ஓய்வு ஆகியவற்றுக்கு இஎஸ்ஐயின் வேலையிழப்பு நிவாரணம் இல்லை. வேலையை நீங்களாக விட்டதாக எழுதிக் கொடுத்தால், ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் உரிமையும் ஆட்டம் காணும். 'ஆட்குறைப்பு' என்று எழுதிக் கேளுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

4. இஎஸ்ஐ தருவது

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம். 2020இல் 50 ஆனது. வாழ்நாளில் ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாள். நாள் சம்பளம் 500 என்றால் மொத்தம் 22,500 ரூபாய்.

இரண்டு வருடம் இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

5. விண்ணப்பம்

வேலை போய் 30 நாள் கழித்து இஎஸ்ஐ இணையதளத்தில் போடலாம். ஆதார், வங்கிப் பாஸ்புக் வேண்டும். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.