விற்கிற வீட்டை எப்படிக் காட்டுவது?

 

வீட்டை விற்பது என்று முடிவானதும் முதலில் புரோக்கரைக் கூப்பிடுகிறோம், அடுத்து பெயிண்டரை. ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, ஒழுகும் குழாயை மாற்றிவிட்டு வீட்டைக் காட்டுவதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் ஒழுகிய தளத்தைச் சரிசெய்யாமல், அடியில் மட்டும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தை மாதத்தில் காட்டுவது வேறு விஷயம். அது மறைத்தல். நம் டிரஸ்ட்டுக்குச் சமரசம் கேட்டு வரும் வீட்டுக் கிரயத் தகராறுகளில் இந்த மறைத்தல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் அதன் சொந்தக்காரர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. மக்காச்சோளம் வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்துக்கொள்வார். வீட்டுச் சுவருக்குள் யாரும் கை விட முடியாது. அங்கே வாழ்ந்தவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வீட்டை எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. பார்க்காமல் வாங்கியவருக்கு, பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு. அதற்கு கியாருர் ருஃயா என்று பெயர். வீட்டின் முற்றத்தைப் பார்த்தாலே பார்த்ததாகக் கணக்கு என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய சட்டம். இமாம் ஸுஃபர் (ரஹ்) மட்டும் அறைகளுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹிஜ்ரி 593-ல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) ஹிதாயாவில் இதற்கு விளக்கம் தருகிறார்கள்: முற்காலத்து வீடுகள் ஒரே மாதிரி இருந்தன, அதனால் முற்றம் போதும் என்றார்கள், இப்போது வீட்டுக்கு வீடு வேறுபடுவதால் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இந்த நிலை என்றால், இன்று மாடியும் செப்டிக் டேங்கும் போரும் உள்ள வீட்டை வாசலில் நின்று காட்டினால் போதுமா?

ஆகவே பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். பீரோவை விரிசலுக்கு முன்னால் நகர்த்தி வைக்காதீர்கள். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர், கரையான் அரித்த நிலை, மழைக்குத் தெருத் தண்ணீர் ஏறுகிற பக்கம் ஆகியவற்றை நீங்களே கை காட்டிச் சொல்லுங்கள். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, சித்திரையில் அந்தப் போர் எவ்வளவு நேரம் தண்ணீர் தரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு அறையை மட்டும் மூடி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வருகிற நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டால் பெண்கள் வேறு அறைக்கு மாறிக்கொள்ளலாம். பர்தாவும் பேணப்படும், எல்லா அறையும் காட்டியதாகவும் ஆகும்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி. இதில் விற்பவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. குறையைத் தெரிந்தே வாங்கியவர் பிறகு அதைக் காரணம் காட்டி வீட்டைத் திருப்ப ஷரீஅத்தில் உரிமை இல்லை. எனவே சொன்ன குறைகளைக் கிரய ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். "எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை, இருக்கிறபடி வாங்கிக்கொள்" என்ற நிபந்தனை நம் மத்ஹபில் செல்லும். ஆனால் தெரிந்ததை மறைத்த குற்றத்தை அது கழுவிவிடாது.

அக்கம்பக்கத்தாரும் புரோக்கரும் "நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள். வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரலி) அவர்கள் முன்னிலையில் ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிப் போனார். வாஸிலா (ரலி) பின்னாலேயே போய், சவாரிக்கென்றால் அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னார்கள். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று விற்றவர் கோபப்பட்டார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதியிருக்கும் சம்பவம் இது.

கடைசியாக, சுவரில் தெரியாத குறை பத்திரத்தில் இருக்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை வீடு பார்க்க வருகிறவரிடமே காட்டிவிடுங்கள். வாப்பாவின் பெயரில் உள்ள வீடு என்றால், கட்டிக்கொடுத்த சகோதரிகளுக்கும் உம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு. கல்யாணத்தில் போட்ட நகை அந்தப் பங்குக்கு ஈடாகாது. வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால், முஸ்லிம் சட்டப்படி அந்தப் பிள்ளையின் பங்கை உம்மா தன் கையெழுத்தில் விற்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். 1918-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த விஷயம் இது. அப்படிப்பட்ட வீடாக இருந்தால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே, பத்திர நகல்களுடனும் வாரிசுச் சான்றுடனும் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பங்கு பிரித்துக் கணக்குப் போட்டுத் தருகிறோம்.