அணைக்கரையிலிருந்து பவளத்தீவு வரை

வைகை அணையின் நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அணை 1959 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21 ஆம் நாள் திறக்கப்பட்டது என்பதும், அதில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம் என்பதும் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் மதகு வழியே வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கேட்டால், "மதுரைக்கு" என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். ஆறு அங்கே நின்றுவிடுவதில்லை. மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. வெள்ளம் மிகுந்த காலங்களில், கண்மாய்களுக்குப் போக எஞ்சிய நீர் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே கடலில் கலக்கிறது.

அந்தக் கடலில் என்ன இருக்கிறது? இதை அறிய எங்கள் அறிவியல் மன்றத்தினர் சகோதரிகளின் துணையுடன் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களும் இராமநாதபுரம் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்தோம். அங்கே கற்றவற்றை எல்லா வகுப்பினரும் பயன்பெறும் வண்ணம் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆண்கடலும் பெண்கடலும்

பாம்பன் தீவின் வடக்கே இருப்பது பாக் நீரிணை சார்ந்த கடல், ஆழம் குறைந்தது. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அது ஆழமானது, அலை மிகுந்தது. அப்பகுதி மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும், பின்னதை ஆண்கடல் என்றும் அழகாகப் பெயரிட்டுள்ளனர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். எனவே படகு ஏறுவதற்கு முன் நாள்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது. காற்றையும் பார்க்க வேண்டும் என்பது முதற்பாடம்.

கடலுக்குள் ஒரு புல்வெளி

சனிக்கிழமை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்தைக் கண்டோம். இந்நிறுவனம் 1947 இல் தொடங்கப்பட்டது. அங்கே கடற்குதிரையைக் கண்ணாடிக்கு மிக அருகில் பார்த்தோம். பெண் கடற்குதிரை இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது என்று அறிந்தபோது வியப்பும் சிரிப்பும் ஒருங்கே எழுந்தன.

மாலையில், மிதவைச் சட்டை அணிந்து, துடுப்புப் படகில் பெண்கடலின் ஆழமற்ற பகுதிக்குச் சென்றோம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் பொருத்திக் கொண்டு, பயிற்சியாளர் கையைப் பிடித்தவாறு ஒவ்வொருவராகத் தண்ணீரில் முகம் கவிழ்த்தோம். கீழே பசும்புல் அசைந்தது! இது பாசி அன்று, கடற்புல். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கடற்புல்லுக்கோ வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உண்டு. மணலை இறுகப் பிடித்துக் கரை அரிப்பைத் தடுப்பதும், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாவதும் இப்புல்வெளியே.

இதை உண்டு வாழும் பேருயிர் ஆவுளியா எனப்படும் கடற்பசு. ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வளரும் இவ்விலங்கு மீன் அன்று. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும். குட்டி ஈன்று பாலூட்டும். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே சில ஆண்டுகள் செல்லும். ஈன்றாலும் ஒரு குட்டிதான். ஆகவே வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். இதனை உணர்ந்த தமிழக அரசு, 2022 இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாங்கள் ஆவுளியாவை நேரில் காணவில்லை. ஆனால் அதன் சாப்பாட்டு மேசையைக் கண்டோம்!

குருசடைத் தீவு

மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் சங்கிலி போல் அமைந்துள்ளன. 1986 இல் இவை சுற்றியுள்ள கடலுடன் 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

ஞாயிறு காலை, குந்துகாலிலிருந்து வனத்துறையின் அனுமதியுடன் படகில் குருசடைத் தீவுக்குப் புறப்பட்டோம். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து தாய்மண்ணில் கால் வைத்த இடம் இந்தக் குந்துகால்தான். எதிரே தெரியும் குருசடை, உயிரியல் வல்லுநர்களின் சொர்க்கம் எனப் பெயர் பெற்றது. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927 இலேயே தனி நூல் வெளியிட்டது. மேல்வகுப்பு விலங்கியலில் நாம் படிக்கும் பலனோகிளாசஸ் என்னும் அரைநாணி இத்தீவின் மணலில் வாழ்கிறது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகுநாணுள்ள உயிர்களுக்கும் உள்ள உறவை ஆராய்வோர்க்கு இது பெரிதும் உதவும் உயிர்.

தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகள். பாறை என்று பெயரிருந்தாலும் இவை உயிருள்ளவை. கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணாம்புக் கூடு கட்டி, தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பிய மாளிகை அது. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்குத் தருகிறது. பவளம் பாசிக்கு வீடு தருகிறது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெருமளவில் பவளங்கள் வெளுத்தன.

மனிதர் கையாலும் அழிவு நேர்ந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தனர். பாறை என்னும் வேலி போனதும் அலைகள் நேரே தீவுகளில் மோதின. 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று அவற்றைப் பறிப்பது குற்றம்.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன் பகுதியிலுள்ள சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்துப் பிழைக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்பவை அவர்கள் எடுக்கும் வகைகள். கை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக் கொள்கின்றனர். நாம் உண்ணும் கடல்பாசி இனிப்பிற்கும் ஐஸ்கிரீமின் குழைவுக்கும் இத்தகைய பாசிகளே மூலப்பொருள்.

தேசியப் பூங்கா அமைந்தபின் தீவுகளின் அருகே செல்ல இவர்களுக்குத் தடை வந்தது. பவளத்தைக் காக்க வேண்டும். ஏழைத் தாயின் அடுப்பும் எரிய வேண்டும். இரண்டில் எது பெரிது? எங்களுக்குள் இது குறித்து நீண்ட வாதம் நடந்தது. அப்பெண்களே கண்ட வழி எங்களைச் சிந்திக்க வைத்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, பாசி எடுக்கும் நாட்களைக் குறைத்துக் கொண்டனர்; பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிட்டுக் கையாலேயே பறிக்கலாயினர். அவர்களுள் ஒருவரான திருமதி லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காப்போர்க்கு அமெரிக்காவில் வழங்கப்படும் சீகாலஜி பரிசை 2015 இல் பெற்றார். ஏட்டுக்கல்வி குறைவாயினும் கடலறிவில் அவர் நமக்கு ஆசிரியை அல்லரோ?

செல்வோர் அறிய வேண்டியவை

விடுமுறையில் பெற்றோருடன் செல்ல விரும்பும் தோழியர் இவற்றை நினைவிற் கொள்க:

1. நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணியாமல் படகில் ஏறக்கூடாது.
2. அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக்கூடாது.
3. பவளத்தின்மீது நிற்கக்கூடாது. ஒரு மிதியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல ஆண்டுகளாகும்.
4. ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுள் புதைந்திருக்கும் திருக்கை விலகிச் செல்லும். சொறிமீனை, அது இறந்து கிடந்தாலும் தொடக்கூடாது.
5. சங்கு, பவளத்துண்டு, கடல் அட்டை எதையும் நினைவுப் பொருளாகக் கொண்டுவரக்கூடாது.

கடற்கரைக்குச் செல்லாதவர்க்கும் ஒரு கடமை உண்டு. அணைப் பூங்காவில் நாம் வீசும் பிளாஸ்டிக் பை, ஒரு பெருவெள்ளத்தில் ஆற்றோடு சென்று கடற்புல்லின்மீது படியக்கூடும். அங்கே மேயும் ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் அது நஞ்சாகும்.

சிந்திக்க:

அ) கடற்புல்லுக்கும் பாசிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
ஆ) பவளம் வெளுப்பது ஏன்? வெளுத்த பவளம் பிழைக்க முடியுமா?
இ) பவளத்தை வெட்டியதால் தீவு மூழ்கியது எவ்வாறு?
ஈ) நீங்கள் வனத்துறை அதிகாரியாக இருந்தால் பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன விதி வகுப்பீர்கள்? நீங்களே அப்பெண்ணாக இருந்தால் அவ்விதியை ஏற்பீர்களா?