புருவ ஓரத்து வீக்கம் வற்றியது எப்படி?

கேள்வி: தங்கை மகனுக்கு ஆறு வயது. புருவ ஓரத்தில் வீக்கம். மதுரையில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்து, 'லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்' என்றார்கள். மருந்தில்லாமலே இரண்டு மாதத்தில் வற்றிவிட்டது. தர்காவில் ஓதியதால்தான் என்கிறார் அம்மா. அப்படியும் நடக்குமா?
– ஒரு வாசகி, கோட்டைப்பட்டினம்

பதில்: அம்மாவின் நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை. ஆனால் இந்த நோய்க்கே அப்படியொரு குணம் உண்டு. 1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ், மாணவராக இருந்தபோதே தோலில் கண்டு சொன்ன செல்களின் பெயர்தான் இதற்கும். அந்தச் சாயல் கொண்ட எதிர்ப்புச் செல்கள் ஓரிடத்தில் குவிந்து எலும்பை அரிக்கின்றன. கண்குழியின் மேல் வெளிப்புற எலும்பு அவற்றுக்குப் பிடித்த இடம். பார்வைக்குக் கட்டி போலவே இருக்கும். பலருக்கு பி-ராஃப் என்ற மரபணுவில் பிழை இருப்பது 2010-இல் தெரிந்ததால், புற்றுநோய்க் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். விசித்திரமான உறவினர்தான்! ஒற்றை எலும்போடு நின்றால், துணுக்கு எடுத்த பிறகு தானாகவே சுருங்குவதுண்டு. காரணம் முழுதாகப் பிடிபடவில்லை.

ஆனால் துணுக்குப் பரிசோதனை செய்யாமல் யாரும் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் கண்ணருகே வேகமாக வளரும் ராப்டோமயோசர்கோமா என்ற புற்றுநோயும் முதலில் இப்படித்தான் வீங்கும். வற்றிவிட்டதே என்று மதுரைப் பயணத்தை நிறுத்தாதீர்கள். பையன் ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்தால் உடனே சொல்லுங்கள். பிட்யூட்டரி சுரப்பியை இந்நோய் தொடுவதற்கான அறிகுறி அது.