கட்டியங்காரனும் செகப்பிரியர் கோமாளிகளும்

நாடகம் என்ற அளவிலே வீரமும் அழுகையும் நினைவிற்கு வருதல் கற்றோர் இயல்பு. நகைச்சுவையோ, இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாய் போல எண்ணப்படுகின்றது. ஆயினும் வகுப்பில் செகப்பிரியரின் நாடகங்களைப் பயிலுங்கால், அவர்தம் கோமாளிகள் உதிர்க்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் உரையும் குறிப்பும் எழுதி நெட்டுருச் செய்கின்றோம். அத்தகைய கோமாளி ஒருவன் வண்ணக் குல்லாயணிந்து நம்மூர்த் திடலில் ஆடுவானாயின், 'பாமரர் கூத்து' என்று முகஞ் சுளிக்கின்றோம். இது முறையோ என்னும் ஐயம் சென்ற கோடை விடுமுறையில் எமக்கு எழுந்தது.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில், சுப்பிரமணிய சிவா 1925-ஆம் ஆண்டில் உயிர் நீத்த அவ்வூரில், எம் உறவினர் இல்லத்தில் சின்னாட்கள் தங்கியிருந்தோம். அருகிலுள்ள சிற்றூரில் திரௌபதியம்மன் திருவிழா. அன்றிரவு துகிலுரிதல் கூத்து. உறவினர்க்கு எம்மை அனுப்ப அத்துணை விருப்பமில்லை. 'பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கூத்தெதற்கு?' என்றனர். 'பாடத்திற்காகவே போகின்றோம்' என்றோம். அவ்விடை அப்பொழுது பொய்யாகவே இருந்தது.

இரவு பத்து மணிக்கு மத்தளமும் முகவீணையும் முழங்கின. முதலில் அவைக்கு வந்தவன் அரசனல்லன், கட்டியங்காரன். அவையை வணங்கினான், கதை கூறினான், குழந்தைகளை அதட்டினான். பின்னர்த் திரை பிடிக்கப்பட, அதன் பின்னின்று துரியோதனன் பாடினான். திரை நீங்கியதும் கட்டியங்காரன் அவனை நெருங்கி, 'ஐயா, தாங்கள் யார்?' என்று வினவினான். 'யாம் அஸ்தினாபுரத்துக்கு அரசன்' என்றான் வேந்தன். 'அரசமரமா? எந்த ஏரிக்கரை அரசமரம்?' என்றான் கட்டியங்காரன். திடல் அதிர்ந்தது.

இவ்வொரு வினாவில் நகைச்சுவையின் பொறிகள் பல ஒருங்கே இயங்குதலைக் காண்க. தன் சோற்றை உண்பவனே தன் பெயரைக் கேட்க, விடையிறுக்கும் கடப்பாடு அரசனுக்கு உண்டாகின்றது. மேடு பள்ளமாகிப் பள்ளம் மேடாகின்றது. அரசன் என்னும் பெருஞ்சொல் ஏரிக்கரை மரமாகச் சிறுக்கின்றது. அஸ்தினாபுரமோ, யாவரும் அறிந்த ஏரியின் பக்கத்தில் வந்து நிற்கின்றது. பாண்டவரை அழைத்துவர ஏவப்பட்டபொழுது, 'தருமபுரி வழியாகப் போவதா, பென்னாகரம் வழியாகப் போவதா? கடைசிப் பஸ் போய்விட்டதே' என்று அவன் கவலையுற்றதும் இவ்வகையினதே.

செகப்பிரியரின் கோமாளிகளும் இத்தொழிலையே புரிகின்றனர். 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்தில் ஒலிவியா என்னும் பெருமாட்டி இறந்த தமையனுக்காக நெடுநாள் துயர் காக்கின்றாள். அவள் வீட்டுக் கோமாளியாகிய ஃபெஸ்டே, தலைவியே பேதை என்று மெய்ப்பிக்க இசைவு கேட்கின்றான். தமையன் ஆன்மா விண்ணுலகில் இருக்கின்றதென்று அவள் வாயாலேயே கூறுவித்து, விண்ணுலகிலிருப்பானுக்காக அழுபவள் பேதையல்லளோ என்று முடிக்கின்றான். வினாத் தொடுப்பவன் ஏவலன், விடை கூறுபவள் தலைவி. கட்டியங்காரன் திரையருகே செய்வதும் இஃதேயன்றோ? இனி, 'அரசமரம்' போலச் சொல் பிறழ்தலால் விளையும் நகைக்கு வேறொரு நாடகத்துக் காவலனாகிய டாக்பெரியைக் காட்டலாம். அவன் பெரிய சொற்களைப் பொருள் மாறாடிப் பிழைபடவே வழங்குவான். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. டாக்பெரி தன் பிழையை அறியான். கட்டியங்காரனோ அறிந்தே பிழைக்கின்றான்.

டாக்பெரியாக நடித்தவர் வில் கெம்ப் என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். 1600-இல் அச்சேறிய அந்நாடகப் பதிப்பில், ஒரு காட்சியில் டாக்பெரியின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் கெம்ப்பின் பெயரே அச்சாகியுள்ளது. நடிகனை எண்ணியே புலவர் பாத்திரத்தைப் படைத்தார் என்பது இதனாற் புலப்படும். கெம்ப் 1599-இல் அக்குழுவை விட்டு நீங்கினார். மறுவருடம் இலண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே சென்றார் என்பர். (அவர் நம் நாட்டிற் பிறந்திருப்பின் கூத்துக் குழுவொன்றின் தலைவராயிருப்பார்.) அவருக்குப்பின் வந்த ராபர்ட் ஆர்மின் பாட்டிலும் சொல்வன்மையிலும் வல்லவர். ஆதலின் கோமாளிகளும் மாறினர். குதித்தாடும் பாமரன் போய், ஃபெஸ்டே போன்ற கூரிய அறிவினன் வந்தான்.

ஆம்லெத்து நாடகத்தில் இளவரசன் நடிகர்களுக்கு அறிவுரை கூறுங்கால், கோமாளிகள் எழுதப்பட்டதற்கு மேல் ஒரு சொல்லும் பேசலாகாதென்று கண்டிக்கின்றான். இதனாற் பேசியோர் அக்காலத்துப் பலரென்பது தெளிவு. கட்டியங்காரனுக்கோ எழுதப்பட்ட பகுதி மிகச் சிறிது, எழுதப்படாததே பெரிது. ஆம்லெத்து எங்கள் திடலுக்கு வந்திருப்பின் மிக வருந்தியிருப்பான்.

வடமொழி விதூடகனையும் ஈண்டு ஒப்பிடுவாருளர். அவன் பெரும்பாலும் சோற்றைப்பற்றியே பேசுதலின் அவனை விடுத்து மேற்செல்கின்றோம்.

துயரத்தின் நடுவே சிரிப்பு ஏன் என்பது கற்றோரின் பழங்கேள்வி. மாக்பெத் நாடகத்தில் மன்னன் கொலையுண்ட பின்னர், அக்கொலை வெளிப்படுமுன், கள்மயக்கங் கொண்ட வாயில்காப்போன் ஒருவன் வந்து தன்னை நரகவாயிற் காவலனாகப் பாவித்துப் பிதற்றுகின்றான். கோல்ரிட்ஜ் என்னும் பெரும்புலவர் இப்பகுதி செகப்பிரியர் வாக்கன்று என்றே கருதினார். டி குவின்சியோ 1823-இல் எழுதிய கட்டுரையில், அக்கதவைத் தட்டும் ஓசையே நம்மை மனித உலகிற்கு மீட்டுக் கொணர்ந்து, கடந்த கொடுமையின் ஆழத்தை உணர்த்துகின்றதென்றார். எமக்கு இக்கட்டுரை பரீட்சைக் குறிப்பாகவே இருந்தது, அன்றிரவு வரை.

நள்ளிரவு கடந்து துச்சாதனன் திரௌபதியைக் கூந்தல் பற்றி இழுத்து வந்தான். அதுவரை ஓயாது பேசிய கட்டியங்காரன் குல்லாயைக் கழற்றிக் கையிற் கொண்டு, பின்பாட்டுக்காரர் பக்கலில் ஒதுங்கி நின்றான். ஒரு சொல்லும் கூறவில்லை. எம்மருகே இருந்த மூதாட்டி விம்மினார். நான்கு மணிநேரம் அவன் நகைப்பித்திராவிடின் அந்த ஓர் அமைதி எம்மை அவ்வளவு வருத்தியிராது. லியர் மன்னனின் கோமாளியும் மூன்றாம் அங்கத்திற்குப்பின் நாடகத்திலேயே காணப்படான். அவன் எங்குச் சென்றான் என்று அறிஞர்கள் பலவாறு ஆராய்வர். துயரம் தன் சிரிப்பினும் பெரிதான இடத்தில் அவனும் குல்லாயைக் கழற்றினான் போலும் என்பது எம் கருத்து.

இத்துணையும் புகழ்ந்த யாம் ஒன்றை மறைத்தல் தகாது. கூத்தின் முற்பகுதியில், கிழிந்த கம்பளி போர்த்து ஓரத்தில் அமர்ந்திருந்த கூலியாள் ஒருவரைச் சுட்டி, 'பாஞ்சாலியின் புடவைக்கு முன் உம் கம்பளியை உரிந்துவிட்டார்களே' என்றான் கட்டியங்காரன். அனைவரும் நகைத்தனர், யாமும் நகைத்தோம். சிறிது பொழுதில் திரும்பிப் பார்த்தோம். அவர் இருந்த இடம் வெறிதாயிருந்தது.

நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலை ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அதற்கு உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறர் தன்னை எள்ளத் தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்துவார். அரசனிடம் அடியும் திட்டும் பெற்றுச் சிரிப்பூட்டுங்கால் கட்டியங்காரன் இரண்டாம் வகையினன். வலியோனை வினாவுங்கால் முதல்வகையே எனினும் அஞ்சாமை அதற்கு அணியாகின்றது. கம்பளி போர்த்தவரை எள்ளுங்கால் எவ்வணியும் இல்லை. செகப்பிரியரும் இக்குற்றத்திற்கு விலக்கல்லர். வெனிசு வணிகன் நாடகத்தில் லான்சலட் பார்வை குன்றிய தன் தந்தையையே ஏய்த்து விளையாடுகின்றான். செருக்குற்ற மால்வோலியோவைப் பித்தனென்று இருட்டறையில் அடைக்கும் காட்சியில், முன்பு வாய்விட்டுச் சிரித்த அவையும் சிரிப்பதா வருந்துவதா என்று திகைக்கின்றது. ஆயினும் புலவர் அவனை மறக்கவில்லை. பழிவாங்குவேன் என்று கூறி அவன் வெளியேறுவதை அவையோர் காணும்படி வைத்தார். ஒலிவியாவும் அவனுக்கு இழைக்கப்பட்டது பெருந்தீங்கென்று ஒப்புகின்றாள். எங்கள் திடலினின்று எழுந்து போனவரை எவரும் காணவில்லை.

பொழுது விடிந்தபின், அடிகுழாயருகே முகப்பூச்சைக் கழுவிக்கொண்டிருந்த கட்டியங்காரனிடம் சென்றோம். மறுகரையிலிருந்து அவர் ஐம்பது அகவை கடந்தவராகத் தோன்றினார். அவர்தம் கலையைப் பாராட்டியபின், 'ஐயா, அந்தக் கம்பளிக்காரரை அவ்வாறு கூறியிருக்க வேண்டுமா?' என்று தயங்கியே கேட்டோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிறிதுநேரம் பேசாதிருந்தார்.

'வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன் தம்பி. நீங்களும் சிரித்தீர்களே' என்றார்.

அதற்கு எம்மிடம் விடையில்லை. பாப்பாரப்பட்டிக்குச் செல்லும் முதற் பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.