தம்பி சும்மா இருக்கிறான்

பட்டம் பெற்று மூன்றாண்டுகளாகியும் வேலை தேடாமல் வீட்டிலேயே இருக்கும் தம்பியைக் குறித்து ஒரு சகோதரி எம்மிடம் முறையிட்டாள். பகல் பத்து மணிக்கு எழுகிறான். கைப்பேசியோடு பொழுது கழிகிறது. "என் சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு என்னையே முறைக்கிறான், டீச்சர்" என்றாள். நாம் அவளுக்குத் திருச்சுழியில் பிறந்த ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்ததைச் சொன்னோம்.

மழையை நம்பிய அவ்வூரில் வழக்குரைக்கும் தொழில் செய்தவர் சுந்தரம் ஐயர். அவருக்கு 1879 டிசம்பர் 30இல் பிறந்த வேங்கடராமன் 1892இல் தந்தையை இழந்தார். தாய் அழகம்மாள் இளைய பிள்ளைகளுடன் மானாமதுரையில் தங்க, வேங்கடராமனும் தமையன் நாகசாமியும் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பையர் வீட்டிலிருந்து படித்தனர். 1896இல், பதினாறாம் வயதில், மரண பயம் ஒன்று அவரைப் பற்றியது. அதன்பின் பாடத்தில் மனம் செல்லவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதவேண்டும் என்பது பள்ளியில் விதித்த தண்டனை. இரண்டு முறை எழுதியவர், ஏட்டைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். (இத்தண்டனையை நாமும் பலருக்கு விதித்திருக்கிறோம். அதனால் இலக்கணம் கற்றவர் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.) பார்த்திருந்த தமையன், இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் பொருள்பட ஒரு சொல் சொன்னார். முன்னும் சொன்னதுதான், அன்று தைத்தது.

பள்ளியில் தனி வகுப்பு உண்டென்று வேங்கடராமன் எழுந்தார். அதே தமையன், பெட்டியிலுள்ள ஐந்து ரூபாயை எடுத்துப்போய்த் தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி சொன்னார். கடிந்த வாயே பணத்தையும் நம்பி ஒப்படைத்தது! தம்பி மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் கட்டப்படவில்லை என்று சீட்டெழுதி, மீதி இரண்டு ரூபாயை அதனுடன் வைத்துவிட்டு, நம்மவர் பலருக்கும் பழகிய திண்டிவனத்துக்கு இரயிலேறினார். செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை சேர்ந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி.

வீட்டாருக்கு ஈராண்டுக் காலம் தகவலே இல்லை. 1898இல் இருப்பிடம் தெரிந்தபின், அழகம்மாளை அழைத்துக்கொண்டு பவழக்குன்றுக்குச் சென்றவரும் நாகசாமியே. தாய் அழுது மன்றாடியும் மகன் திரும்பவில்லை. நாகசாமி 1900இல் மறைந்தார்.

வீட்டிலிருக்கும் தம்பியரெல்லாம் ரமணராவர் என்று நாம் சொல்லவில்லை. அப்படி எண்ணித் தம்மைத் தேற்றிக்கொள்ளும் தாய்மாரையும் கண்டிருக்கிறோம். அது பிள்ளைக்குக் கேடு. நாகசாமியையும் குறைகூற மாட்டோம். தந்தையற்றுப் பிறர் வீட்டில் வளரும் மூத்தவனுக்குக் கவலை வாராதா? ஆனால் "இவையெல்லாம் எதற்கு" என்பது கேள்விபோல் ஒலித்தாலும் விடையை எதிர்பார்ப்பதன்று. ஆசிரியப் பயிற்சியில் எமக்குச் சொல்லித்தந்தது, மாணவன் விடைகூற இயலும் கேள்வியைக் கேள் என்பது. "எப்போது வேலைக்குப் போவாய்?" என்பதற்கு அவனிடமே விடையில்லை. "நாளை காலை யாரைப் பார்க்கப் போகிறாய்?" என்றால் உண்டு, இல்லை என்றாவது சொல்லலாம்.

ஆகவே அச்சகோதரிக்குச் சொன்னோம்: உணவு வேளையில் வேலைப்பேச்சு வேண்டா. அத்தை மகனோடு ஒப்பிடாதே. கைச்செலவுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்து, முன்கூட்டியே சொல்லிவிடு. வீட்டுக்கணக்கில் ஒரு பகுதியை அவன் கையில் கொடு. கொடுத்தபின் நாள்தோறும் துருவாதே. உறக்கமும் பசியும் மாறி, நண்பரையும் தவிர்த்து, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதே. மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உண்டா என்று கேள். 14416 என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் காத்திராதே.

"எல்லாம் நானே பொறுக்கவேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டா, பெற்றோரும் இருக்கிறார்கள், அவர்களையும் உட்காரவைத்துப் பேசு என்றோம்.

சென்ற மாதம் மீண்டும் வந்தாள். தம்பி ஒருமுறை மருத்துவரிடம் வந்தானாம், மறுமுறை மறுத்துவிட்டான். மின்கட்டணமும் மளிகைக் கணக்கும் அவன் கையில் பிசகின்றி நடக்கின்றன. வேலை இன்னும் ஆகவில்லை.