பழைய லேப்டாப்: கடைக்காரர் சொல்வதும் கருவி சொல்வதும்

செகந்திராபாத் பார்க் லேனில், பாரடைஸ் சந்திப்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது செனாய் டிரேட் சென்டர். 'சிடிசி' என்றால்தான் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் புரியும். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். அவற்றில் பலவற்றில் பழைய லேப்டாப்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. 1998-ல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதிலிருந்து பெருகிய ஐ.டி. அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்களைக் கூட்டமாக மாற்றுகின்றன. அமீர்பேட்டையில் ஜாவாவும் பைத்தானும் படிக்க வந்த பிள்ளைகள் கைக்கு எட்டும் விலையில் தேடுவது இவற்றைத்தான். தேடுகிறவர்களிடையே சில நம்பிக்கைகளும் உலவுகின்றன.

நம்பிக்கை: கம்பெனி கழித்துவிட்டது என்றால் ஓடாய்த் தேய்ந்த லேப்டாப்.

உண்மை: பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே கழித்துவிடுகிறார்கள். வாரன்டியோ குத்தகையோ முடிந்ததும், நன்றாக ஓடுகிற லேப்டாப்பும் சேர்ந்தே வெளியேறுகிறது. டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்.பி. எலைட்புக் ஆகியவை அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்ட வரிசைகள். இவற்றில் பலவற்றைக் கழற்றிப் பழுதுபார்ப்பது எளிது. 2018-ல் வந்த திங்க்பேட் டி480-ல் இரண்டு பேட்டரிகள். ஒன்றை வெளியிலிருந்தே கழற்றலாம். ரேமுக்கும் இரண்டு ஸ்லாட்டுகள். ஆனால் திங்க்பேட் என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. அதே குடும்பத்து எக்ஸ்1 கார்பனில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். 8 ஜிபியாக வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

நம்பிக்கை: ஐ7 எப்போதும் ஐ5-ஐவிட மேல்.

உண்மை: எந்தத் தலைமுறை என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஐ7-7500யு ஏழாம் தலைமுறை. அதில் கோர்கள் இரண்டே. 2017-ல் அடுத்து வந்த ஐ5-8250யு-வில் நான்கு. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது அந்த ஐ5 முந்திவிடும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் போதாது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து பிராசஸரின் முழு எண்ணையும் படிக்க வேண்டும்.

நம்பிக்கை: விண்டோஸ் 11 ஓடுகிறதே, போதும்.

உண்மை: ஓட வைப்பது கடைக்காரருக்குப் பெரிய வேலையே இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. அப்படி நிறுவிய லேப்டாப்புக்கு அப்டேட்கள் வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 'விண்டோஸ் 10-லேயே இருந்துகொள்ளலாம்' என்ற சமாதானமும் செல்லாது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியைக் கடையிலேயே ஓட்டினால் விடை தெரிந்துவிடும். லினக்ஸ் போடப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

நம்பிக்கை: 'ஏ கிரேடு ரீஃபர்பிஷ்டு' என்பது தரச்சான்று.

உண்மை: ஏ, பி, சி எல்லாம் பெரும்பாலும் கீறலையும் நசுங்கலையும் பார்த்துக் கடைக்காரர்களே போடுகிற மதிப்பெண்கள். எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ரீஃபர்பிஷ் செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பது அந்தக் கணக்கில் வராது.

உள்நிலையைச் சொல்வது கருவியேதான். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்புகிற கொள்ளளவு. 50,000 என்று தொடங்கியது 30,000-ல் நின்றால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும், தொடவே வேண்டாம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' காட்டும்.

நம்பிக்கை: ஃபார்மட் செய்துவிட்டால் பழைய முதலாளியோடு தொடர்பு அறுந்துவிடும்.

உண்மை: ஹைதராபாத் மாதிரியான ஐ.டி. நகரத்தில் கையைச் சுடுகிற இடம் இதுதான். பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோபைலட்' சேவையில் பதிந்து வைக்கின்றன. பதிவு இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில். டிஸ்க்கை அழித்தாலும், மாற்றினாலும் அது போகாது. இணையம் இல்லாமல் விண்டோஸை நிறுவிக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. என்றோ ஒருநாள் ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கும்போது, பழைய கம்பெனியின் பெயரோடு உள்நுழையச் சொல்லும் திரை வந்து நிற்கும். அந்தக் கம்பெனியின் ஐ.டி. பிரிவு பதிவை நீக்கினால்தான் முறையான விடுதலை.

மேக்புக்கிலும் இதே கதைதான்: முந்தைய உரிமையாளரின் 'ஆக்டிவேஷன் லாக்', நிறுவனத்தின் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இரண்டையும் பார்க்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ரீசெட் செய்து, சொந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரையிலிருந்து கடைசிவரை போய்ப் பார்ப்பதே சரி. அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்.

உண்மை: பழைய பொருள் வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி.யில் தனி ஏற்பாடு உண்டு. வாங்கியதற்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். ஆக, முழு விலைக்கும் 18 சதவீதம் என்ற பயமுறுத்தல் எப்போதும் உண்மையல்ல. பில் இல்லாமல் வாங்கியது திருட்டு லேப்டாப்பாக இருந்துவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை. பில்லில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். அந்த எண்ணை டெல், லெனோவோ, எச்.பி. இணையதளங்களில் போட்டால் மாடலும் வாரன்டி நிலவரமும் வரும். பில், அடிப்பக்க ஸ்டிக்கர், பயாஸ் திரை மூன்றிலும் எண் ஒன்றாக இல்லையென்றால், அடிமூடியோ மதர்போர்டோ வேறொரு லேப்டாப்பிலிருந்து வந்திருக்கக்கூடும்.